மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 3, வியாழன்

காலை 152/96.

இந்த நோட்டு ரத்த அழுத்தம் குறிப்பதற்காக வாங்கியது. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் என்னிடம் படித்தவர். "தினமும் அளந்து எழுதுங்க மேடம், கூடவே அன்னைக்கு என்ன நடந்ததுன்னும் ரெண்டு வரி எழுதுங்க, எதனால ஏறுதுன்னு தெரியும்" என்றார். முப்பத்திரண்டு வருடமாகப் பச்சைக் குழந்தைகளின் மூச்சையும் எடையையும் எழுதிக்கொண்டிருப்பவளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார். எழுதுகிறேன்.

இன்று நடந்தது நல்லதுதான். டீன் நல்லபெருமாள் கூப்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகளுக்கான ஆராய்ச்சி மையம் வரப்போகிறதாம். ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருக்கிறது. அதன் பிறகும் நானே மையத்துக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்று சென்னையில் சொல்கிறார்களாம். "உங்க ஸ்டடி இல்லன்னா இந்த மையமே நமக்கு வந்திருக்காது" என்றார்.

உண்மைதான். பத்து வருடத்துக்கு முன்னால், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததும் தூக்கிக்கொண்டு எங்கள் சிசு வார்டுக்கு ஓடாமல், பிரசவ வார்டிலேயே அம்மாவின் வெறும் மார்பில் கிடத்திப் போர்த்திவிடலாம் என்று சொன்னவள் நான். ஒரு வருடம் பழைய முறை, மறு வருடம் என் முறை. முதல் வருடம் ஒரு நாளுக்குள் இறந்தவை அறுபத்து நான்கு. மறு வருடம் முப்பத்து மூன்று. பாதி! கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. பதினான்கு மாவட்டங்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. எனக்குப் பேராசிரியர் பதவி வந்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "அப்ப ரிட்டையர் ஆனாலும் வீட்ல இருக்க மாட்டேன்னு சொல்லு" என்றார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாக வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் தாணுமாலயனுக்குப் பேச்சுத் துணை வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

காலை 148/94. மதியம் அளந்தபோது 164/100. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஓ.பி. முடியும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். பெயர் முத்துப்பேச்சி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். கையில் குழந்தை இல்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது.

"இத மாத்தித் தரணும் டாக்டரம்மா."

வாங்கிப் பார்த்தேன். பத்து வருடத்துப் பழசு. பெண் சிசு, 1 கிலோ 340 கிராம், இறந்து பிறந்தது.

"எம்பிள்ள அழுதா. நெஞ்சு மேலதான் போட்டாவ. இங்க" என்று கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "பூனைக்குட்டி மாதிரி மெலிசா ஒரு சத்தம். நான் கேட்டேன். அப்புறம் நின்னுட்டு. செத்துப் பொறந்ததுன்னு எழுதிருக்கீய."

பத்து வருடம் கழித்து எதற்கு இது என்று கேட்டேன். சொன்னாள். அவர்கள் வீட்டில் கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் பிள்ளைகளைக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஓர் ஓலைப் பெட்டி. அதில் ஒவ்வொருத்திக்கும் ஒரு சிற்றாடை. ஆடி மாதம் பெட்டியைத் திறந்து புதுச் சிற்றாடை வைத்துப் பொங்கலிடுவார்கள். இவளுடைய மகளுக்கு மட்டும் அதில் இடம் கிடையாது. "மூச்சு விட்டவளுக்குத்தான் சிற்றாடை. செத்துப் பொறந்தது கன்னியாவாதுங்காவ எங்க அத்தை. அவிய எழுத்துப் படிக்கத் தெரிஞ்சவிய. இந்தச் சீட்டப் படிச்சுத்தான் சொல்லுதாவ."

எங்கள் பக்கத்து வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு, எனக்குப் புதிதில்லை. குறைமாதக் குழந்தைகள் உயிர் இல்லாமலே சில சமயம் அசையும், தாய்க்கு அது அழுகை போலத் தோன்றும் என்று விளக்கினேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

அவள் சீட்டை மறுபடி உறையில் போட்டாள். "நானும் ரெஜிஸ்டர் எழுதுதவதான் டாக்டரம்மா. வராத பிள்ளைக்கு முட்டை குடுத்தேன்னு எழுதுனா என்னய வேலைய விட்டுத் தூக்கிருவாவ. வந்த பிள்ளைய வரலன்னு நீங்க எழுதிருக்கீய. உங்கள யாரு கேப்பா?"

இவ்வளவு திமிராக யாரும் என்னிடம் பேசி ரொம்ப நாள் ஆயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

150/96. சத்துணவு அமைப்பாளர்கள் எல்லோருமே வாயாடிகள்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

146/92. நாளை வருடப்பிறப்பு. வேப்பம்பூ வாங்க வேண்டும். மோட்டார் மறுபடி மக்கர். இவர் தொட்டியில் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் கூப்பிட்டார்.

ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது, எழுதி வைக்கிறேன். அந்தப் பெண்ணின் பிரசவம் என் ஆய்வின் இரண்டாம் வருடத்தில். பழைய ஆய்வுத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குழந்தை அதில் இல்லை. இருக்காது. இறந்து பிறந்தவற்றை நாங்கள் சேர்க்கவில்லை. எல்லா ஆய்விலும் அப்படித்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை 150/94. மாலை அளக்கவில்லை.

பிரசவ வார்டு எஸ்தர் கனகமணி சிஸ்டர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். டீ குடிக்கப் போனவள் சும்மா கேட்டு வைத்தேன், முத்துப்பேச்சி என்று ஒருத்தியை நினைவிருக்கிறதா என்று.

அவர் அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்த பச்சைத் துணிகளை எடுத்தார். அடியில் நாற்பது பக்க நோட்டுகள், கயிறு போட்டுக் கட்டியவை.

"சின்ன நோட்டு மேடம்" என்றார்.

சின்ன நோட்டு என்றால் பிரசவ வார்டில் எல்லோருக்கும் தெரியும். குழந்தை பிறக்கும்போது பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து அழகாக எழுத யாருக்கும் கை ஒழியாது. மேசை மேல் கிடக்கும் நோட்டில் நேரம், எடை, அழுததா இல்லையா என்று கிறுக்கி வைப்பார்கள். ஷிப்டு முடியும்போது அதைப் பார்த்துப் பெரிய ரெஜிஸ்டரில் ஏற்றுவார்கள். ஏற்றியதும் சின்ன நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். இவர் கிழிக்கவில்லை.

"எதுக்கு வச்சிருக்கீங்க?"

"கிழிக்க மனசு வரல மேடம்."

ஆட்டோவில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கிலோ இருக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று விடுப்பு. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். இவர் இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அது அவருடைய நல்ல குணம்.

முத்துப்பேச்சி ஒன்பதாம் நோட்டில் இருக்கிறாள். எஸ்தர் சிஸ்டரின் சாய்ந்த கையெழுத்து. "பெண். 1.340. காலை 10.42. அழுகை உண்டு, மெலிசு. 10.53 நின்னுட்டு."

பதினோரு நிமிடம்.

அதே தேதியில் பெரிய ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சீட்டில் இருப்பதுதான்.

அவள் ஒருத்தி என்றால் தவறு என்று விடலாம். அந்த வருடத்தில் மட்டும் இருபத்தேழு. ஐந்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு குழந்தை நாற்பது நிமிடம். எல்லாம் பிரசவ வார்டில், அம்மாவின் மார்பில், என் முறைப்படி போர்த்திக் கிடந்தவை. ஒன்றுகூட என் ஆய்வுத் தாள்களில் இல்லை; அப்படியென்றால் எல்லாம் பெரிய ரெஜிஸ்டரில் இறந்து பிறந்தவை.

முப்பத்து மூன்றும் இருபத்தேழும் அறுபது.

முதல் வருடம் அறுபத்து நான்கு. மறு வருடம் அறுபது. என் 'பாதி' எங்கே போயிற்று?

ஏப்ரல் 25, வெள்ளி

170/104. டாக்டர் மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறார்.

ஏப்ரல் 30, புதன்

எஸ்தர் சிஸ்டருக்கு வழியனுப்பு விழா. கேக், சால்வை, நான் ஐந்து நிமிடம் பேசினேன். பிறகு வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு விட்ட பிள்ளைய ஏன் அப்படி எழுதுனீங்க?"

"எப்பவும் அப்படித்தான மேடம் எழுதுவோம்? பத்து நிமிஷம் இருந்து போற பிள்ளைக்குப் பொறப்பு ஒண்ணு, எறப்பு ஒண்ணு பதியணும். தகப்பன் ஆபீஸ் ஆபீஸா அலையணும். டெத் ஆடிட்டுன்னு தாயக் கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேப்பாவ. 'செத்துப் பொறந்தது'ன்னா துணியில சுத்தி அன்னைக்கே குடுத்துருவோம். பாவப்பட்ட சனத்துக்கு அது ஒரு உபகாரம்னு நெனச்சோம்."

"முதல் வருஷமும் அப்படித்தானே எழுதியிருப்பீங்க? அந்த வருஷ நோட்டுல அப்படி ஒண்ணும் ஏன் இல்ல?"

"முதல் வருஷம் மூச்சு இருந்தா உடனே ஒங்க வார்டுக்குல்லா தூக்கிட்டு ஓடுவோம். அங்க செத்தா நீங்க எழுதிக்கிடுவீய. மறு வருஷம் தாய் மேலயே போடச் சொன்னீய. பிள்ள எங்கள விட்டு வரவே இல்ல."

அவ்வளவுதான் சங்கதி. எங்கள் சிசு வார்டு வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. செருப்பை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரவேண்டும். கோட்டைத் தாண்டி வந்த குழந்தைகளை நான் எண்ணினேன். அந்தப் பக்கம் இறந்தவை என் கண்ணில் படவே இல்லை. இந்தச் சின்ன விஷயம் ஒரு பேராசிரியைக்குத் தெரியாமல் போயிற்று.

எஸ்தர் சிஸ்டர் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒரு நாள் ஒங்ககிட்டச் சொன்னேனே மேடம். நோட்டயும் காட்டுனேன். 'கோட்டத் தாண்டி வந்தாத்தான் நம்ம கணக்கு சிஸ்டர்'னீய."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்கிறோம்.

மே 6, செவ்வாய்

158/98.

இளவழகனுக்குப் போன் செய்தேன். அந்தக் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவனுடையது. அப்போது என் மாணவன், இப்போது சென்னையில் பேராசிரியர். முழுவதையும் கேட்டான்.

"யாரு மேடம் இப்ப கேட்டா?"

"யாரும் கேக்கல."

"பின்ன? பத்து வருஷம் ஆச்சு. தாய் மார்புல போடுறது நல்லதுன்னு ஊர் உலகமே ஒத்துக்கிடுச்சு. நம்ம நம்பர் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா என்ன?"

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நன்றாக அழுது மூச்சு விடும் குழந்தைக்கு அம்மாவின் மார்பு நல்லதுதான், அதை இன்றும் சொல்வேன். இந்த இருபத்தேழில் முக்கால்வாசி அப்படி அழுதவை இல்லை. மெலிந்த அழுகை, விட்டு விட்டு மூச்சு. அவற்றுக்கு முதலில் முகமூடி வைத்துப் பையை அழுத்தி மூச்சைக் கொடுத்திருக்க வேண்டும். மார்பெல்லாம் பிறகுதான். எங்கள் சுற்றறிக்கை எல்லாவற்றையும் உடனே மார்பில் போடு என்கிறது. பதினான்கு மாவட்டங்களில் இன்று காலையும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

சொன்னேன். "மேடம், நீங்க எட்டு மாசத்துல வீட்டுக்குப் போயிருவீங்க. எனக்கு இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றான்.

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் இன்னும் கோபம்.

மே 9, வெள்ளி

டீனிடம் போனேன். நல்லபெருமாள் கெட்டவர் இல்லை. ஏ.சி.யைக் கூட்டி வைத்தார், மோர் வரவழைத்தார், நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மேடம், இது ஆபீஸ் ரெக்கார்டே கிடையாது. நர்ஸ் கிறுக்குன நோட்டு. இத வச்சு அரசாங்க ரெஜிஸ்டர் தப்புன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"சரி. சொன்னா என்ன ஆவும்? இப்பவும் நம்ம லேபர் வார்டுல அப்படித்தான் எழுதுறாங்க. எல்லாத்தையும் சரியா எழுதுனா மாசா மாசம் சாவு எண்ணிக்கை கூடும். மாநிலத்துல நாம கடைசியில நிப்போம். மையம் வேற ஊருக்குப் போயிரும். மையம் வந்தா எத்தனை பிள்ள பிழைக்கும், யோசிங்க. எட்டு மாசம்தான மேடம், விட்டுருங்க."

மோரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மே 16, வெள்ளி

160/100. இவர் கேட்டார், "கட்டுரை தப்புன்னு அந்தப் பத்திரிகைக்கு நீ ஏன் இன்னும் லெட்டர் எழுதல? வழக்கமா கோவம் வந்தா உடனே எழுதிருவியே."

சரியான ஆளைத்தான் கல்யாணம் செய்திருக்கிறேன். துணியை மடிக்கப் போய்விட்டேன்.

மே 23, வெள்ளி

இதை ஏப்ரல் 24 அன்றே எழுதியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நோட்டில் முத்துப்பேச்சியின் வரி இருக்கும் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு டிக் இருக்கிறது. பக்கத்தில் 'பார்த்தேன், ச.வ.' என்று. முதல் நாளே கண்ணில் பட்டது. என் கையெழுத்து மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மாதிரி என்ன மாதிரி? ச.வ. என்றால் சண்முகவடிவு. இந்த ஆஸ்பத்திரியில் சிவப்பு மையில் எழுதுகிற சண்முகவடிவு நான் ஒருத்திதான்.

எஸ்தர் சிஸ்டர் வராந்தாவில் நோட்டை நீட்டியது நினைவிருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது. கட்டுரையை அனுப்ப ஒரு வாரம் இருந்தது. அறுபத்து நான்கு முப்பத்து மூன்றாக ஆகியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்த நாட்கள். அவர் சொன்னதைக் கேட்டேன். புரிந்தது. மற்ற நோட்டுகளையும் எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு டிக் போட்டேன். கோட்டைத் தாண்டி வந்தால்தான் நம் கணக்கு என்றேன்.

நான் பொய் எழுதவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதவில்லைதான். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் இடையே என்ன வித்தியாசம் என்று முத்துப்பேச்சி கேட்டால் என்ன சொல்வேன்?

வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

மே 24, சனி

கடிதத்தை எழுதிவிட்டேன். நாலு பக்கம் எழுதி, மூன்று பக்கத்தைக் கிழித்தேன். கிழித்ததெல்லாம் சாக்குப்போக்கு.

ஜூன் 2, திங்கள்

150/92.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இது, இறப்புகள் விடுபட்டன, விடுபட்டது எனக்குத் தெரிந்தும் நான் தேடவில்லை, பிழை என்னுடையது, என் உடன் ஆசிரியருக்கு இது தெரியாது. நகல் சுகாதாரத் துறைக்கு. நகல் டீனுக்கு. நகல் இளவழகனுக்கு.

கடைசி வரியை இளவழகனுக்காகத்தான் சேர்த்தேன். அது உண்மையும்கூட.

ஜூன் 3, செவ்வாய்

டீன் கூப்பிடவில்லை. இளவழகன் போனை எடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

பதினான்கு மாவட்டத்து டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் வருடாந்திரப் பயிற்சி. என் முறையை விளக்க என்னைத்தான் வருடா வருடம் மேடை ஏற்றுவார்கள். இந்த வருடம் நிகழ்ச்சி நிரலில் என் பெயரை அடித்து வேறு பெயர் போட்டிருந்தது. கூட்டம் எங்கள் ஆஸ்பத்திரி அரங்கில். அங்கே நுழைய எனக்கு யார் அனுமதி தரவேண்டும்?

கேள்வி நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கினேன். டீன், "மேடம், அப்புறம் பேசலாமே" என்றார். "பத்து வருஷம் அப்புறம்னு விட்டதுதான் சார்" என்றேன்.

"நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுல ஒரு தப்பு இருக்கு. சின்னக் குழந்தை சரியா அழலன்னா மார்புல போடாதீங்க. முதல்ல பைய எடுங்க. மூச்சு சீரானதும் போடுங்க. இன்னொண்ணு. மூச்சு விட்ட குழந்தைய மூச்சு விடலன்னு எழுதாதீங்க. யார் சொன்னாலும், என்னை மாதிரிப் பெரிய டாக்டர் சொன்னாலும் எழுதாதீங்க" என்றேன்.

அரங்கில் முன்னூறு பேர். கைதட்டல் எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நர்சுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பின் வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்தார். "நாங்க சரியா எழுதி, மெமோ வந்தா யாரு மேடம் பதில் சொல்லுவா?"

"எங்க ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லுவேன். உங்க ஊருக்கு வந்தாலும் என் பேரப் போடுங்க."

மாலை 144/90. இந்த நோட்டு ஆரம்பித்ததிலிருந்து இதுதான் குறைவு. மருத்துவ விஞ்ஞானத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆராய்ச்சி மையம் வேறு ஊருக்குப் போகிறது. பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. இவர் அந்தப் பக்கத்தை மோட்டாருக்கு அடியில் விரித்துவிட்டார். எண்ணெய் சொட்டுகிறதாம்.

ஜூலை 4, வெள்ளி

முத்துப்பேச்சிக்கு ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். பள்ளியில் சாப்பாடு போட்டு முடித்துவிட்டு வந்தாள். சேலையில் சாம்பார் வாசனை.

சின்ன நோட்டைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "அழுகை உண்டு" என்ற இடத்தில் விரலை எடுக்கவே இல்லை.

ரெஜிஸ்டரைத் திருத்த எழுதியிருக்கிறேன், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை என் கையால் சான்று தருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி லெட்டர்பேடைத் தொடக்கூடாது என்று டீன் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். என் சொந்த மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எழுதும் முன்னால் பாக்கியையும் சொல்லியாக வேண்டும்.

"முத்துப்பேச்சி, உன் பிள்ள அழுதப்ப பன்னிரண்டு அடி தூரத்துல மூச்சு குடுக்கிற பை இருந்தது. எடுத்திருந்தா ஒருவேளை பிழைச்சிருப்பா. உறுதியாச் சொல்ல முடியாது. எடுக்காம மார்புலயே போடணும்னு சொன்னது நான். அப்புறம் எழுத்த மாத்தினது தெரிஞ்சும் சும்மா இருந்ததும் நான்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

"அதையும் அதுலயே எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். 'பெண் குழந்தை. உயிருடன் பிறந்தது. அழுதது. பதினோரு நிமிடம் வாழ்ந்தது. கொடுத்திருக்க வேண்டிய சிகிச்சை கொடுக்கப்படவில்லை. இறந்து பிறந்ததாகப் பதிந்தது தவறு. அந்தத் தவறு எனக்குத் தெரிந்திருந்தது.' கையெழுத்துப் போட்டேன். சிவப்பு மைதான் கையில் இருந்தது.

அவள் வாங்கவில்லை. "பேரு?"

"என்ன பேரு?"

"பேரு இல்லாம எப்படி? செத்துப் பொறந்ததுக்குத்தான் பேரு கிடையாது. 'பூவிழி'ன்னு போடுங்க. வயித்துல இருக்கும்போதே வச்சதுதான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

பூவிழி என்று எழுதினேன்.

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சீட்டை உறையில் போட்டாள், பழைய சீட்டை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. முத்துப்பேச்சி மதியம் ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய அத்தை சீட்டை மூன்று தடவை படித்தாராம். "டாக்டர்மாரு தப்பு செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டு நான் பாத்ததே இல்ல, அப்ப இது நெசந்தான்" என்றாராம். பெட்டியைத் திறந்து, ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புப் பட்டில் தைத்த சிற்றாடையைத் தன் கையாலேயே வைத்தாராம்.

"ரொம்பச் சின்னதுல்லா, அதான் தைக்கத் தையக்காரர் மாட்டேன்னுட்டாரு. நானே தச்சேன்" என்றாள் முத்துப்பேச்சி.

பொங்கலை வார்டில் எல்லோருக்கும் கொடுத்தோம். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் பிரசவ வார்டு நர்சுகளுக்கும் கொடுத்தேன். அங்கே இப்போது மேசை ஓரத்தில் சின்ன நோட்டு கயிறு கட்டித் தொங்குகிறது. கிழிப்பதில்லை.

ஜூலை 28, திங்கள்

146/90.

மெமோ வந்துவிட்டது. 'சென்ற மாதத்தைவிட இந்த மாதம் பச்சிளம் குழந்தை இறப்பு ஏன் ஒன்பது கூடியுள்ளது? மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும்.'

மூன்று நாள் எதற்கு? அங்கேயே நின்றுகொண்டு எழுதிக் கொடுத்தேன். 'கூடவில்லை. இந்த மாதம் எண்ணினோம்.' இணைப்பாக அந்த ஒன்பது குழந்தைகளின் விவரமும், பழைய ஆய்வில் விடுபட்ட இருபத்தேழு குழந்தைகளின் பட்டியலும்.

பட்டியலில் முதல் வரியில் பூவிழி என்று இருக்கிறது. மற்ற இருபத்தாறு வரிகளில் பெயர் என்ற இடம் காலி. சின்ன நோட்டுகளில் அம்மாக்களின் பெயரும் ஊரும் இருக்கின்றன. இருபத்தாறு சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி ஏழு வாக்கியம், கீழே சிவப்பு மையில் கையெழுத்து, எல்லாம் எழுதிவிட்டேன். பெயரைப் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீடு, ஒரு சில வாரம் இரண்டு வீடு. சில வீட்டில் துரத்துவார்கள். துரத்தட்டும், மறு வாரமும் போவேன்.

இவர் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறார். முதல் வீட்டுக்கு வருகிற ஞாயிறு போகிறோம்.